‘பாக்கலாம்’ என்றால்

ஆவடி
25.10.2025

வரதனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்க இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேனே, அதிரசத்தை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய்.

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் அண்ணனூர், திருமுல்லைவாயல் என்று இரண்டே ஸ்டேஷன், இதற்குக் கடிதமா என்று நீ கேட்பாய். போனில் பேச எனக்கு இஷ்டமில்லை. அந்த போனை வாங்கி எல்லாம் செட் பண்ணிக் கொடுத்தவன் நீ. அதில் என்னென்ன வைத்திருக்கிறாயோ, யாருக்குத் தெரியும். நேரில் வந்தால் சிரித்தே மழுப்பிவிடுவாய். பேப்பரில் சிரிக்க முடியாது. அதனால் நீயும் பேப்பரிலேயே பதில் எழுது.

பவ்யா ரூமில் நீ கொண்டுவந்து வைத்திருக்கும் கறுப்புப் பெட்டி என்ன? ஆபீஸ் வேலைக்கு என்றாய். அவளுக்கு ஆபீஸிலேயே லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். பின்னே இது எதற்கு? ஆபீஸ் விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். அவள் டைப் அடிக்கிறாள், அங்கிருந்து பதில் வருகிறது, படிக்கிறாள், மறுபடி அடிக்கிறாள். நான் உள்ளே போனால் திரையை மாற்றுகிறாள். ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் தூசி என்றாள். நம் குவார்ட்டர்ஸில் அந்த ரூமை நான் தினமும் பெருக்குகிறேன், தூசி எங்கிருந்து வந்தது?

தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். தினேஷ் வீட்டார் நல்ல மாதிரி. அவனோடு அவள் போனில்தான் பேசுகிறாள், பேசும்போது சிரிக்கிறாள். இந்தப் பெட்டியில் இருப்பது அவன் இல்லை. வேறு யாரோ. நேற்று அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் ஹாலில் இருந்த மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். என் போனில் நெட் போய்விட்டது. அவள் ரூமை எட்டிப் பார்த்தால் அங்கே பதில் வந்துகொண்டேதான் இருந்தது. அப்படியென்றால் வேறு ஏதோ வழி வைத்துக் கொடுத்திருக்கிறாய். பக்கத்து வீட்டுக் கிருபாகரன் வைஃபையா?

"ஒண்ணுமில்லக்கா" என்று மட்டும் எழுதாதே. அசோக் நைட் ஷிப்ட் என்று சொல்லிவிட்டுக் காட்டுப்பாக்கத்தில் இன்னொருத்தியோடு வீடு வைத்திருந்தபோதும் நீ அதே வார்த்தையைத்தான் சொன்னாய். நீ மட்டுமா, எல்லோரும்தான். அக்காவுக்குச் சந்தேக புத்தி என்றீர்கள். அவர் சட்டையில் ஒரு பொத்தான் நேர்கோடாகத் தைத்திருந்தது. நான் குறுக்கே தைப்பவள். பேக்டரியில் ராணுவச் சட்டைகளின் தையலைச் சோதிப்பதுதான் எனக்கு வேலை, அது என் கண்ணுக்குத் தப்புமா? அப்போது என் சந்தேகம்தான் சரியாக இருந்தது, உங்கள் யாருடைய நம்பிக்கையும் இல்லை.

யார் அவன் என்று எழுது.

அக்கா
தாட்சாயிணி

அம்பத்தூர்
30.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எஸ்டேட் ரோட்டில் நான் கம்ப்யூட்டர் கடை போட்டதிலிருந்து என் பெயருக்குக் கையால் எழுதிய கடிதம் வந்ததே இல்லை. தபால்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். உன் தம்பி பொண்டாட்டி சித்ரா, வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்துத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பிரித்தாள். படித்து முடித்ததும், நோட்டீஸே தேவலை என்றாள்.

பெட்டிக்குள் எவனும் இல்லை. அது ஒரு மாடல். மனிதர்கள் எழுதியதை மலை மலையாகப் படித்துவிட்டு, அடுத்து என்ன பேசலாம் என்று கணக்குப் போட்டுப் பேசுகிற ஒரு புரோகிராம். இதில் ஒரு வசதி, நீ இன்ன ஆளாக இரு என்றால் அந்த ஆளாகவே பேசும். கண்டக்டராக இரு என்றால் சில்லறை கேட்கும். டாக்டராக இரு என்றால் சர்க்கரையைக் குறை என்னும். பெரிய கம்பெனிகள் இதைப் பெரிய பெரிய மெஷினில் ஓட்டுகிறார்கள். அதையே சிலர் அமுக்கிச் சுருக்கி, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் அளவுக்கு ஆக்கி இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றை இறக்கி, மூடிப்போன ஒரு கேம் சென்டரிலிருந்து வந்த பழைய கிராபிக்ஸ் கார்டைப் போட்டு நான் ஓட வைத்திருக்கிறேன். எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது, நெட்டே வேண்டாம். நீ மோடத்தைப் பிடுங்கியும் அது பேசியதற்குக் காரணம் அதுதான். கிருபாகரனை விட்டுவிடு, பாவம்.

பவ்யா அதைத்தான் கேட்டாள். பேசுவது அந்த ரூமை விட்டு வெளியே போகக்கூடாது என்றாள்.

சுருக்குவது என்றால் உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உங்கள் பேக்டரியில் டஜன் சட்டையை ஒரே பெட்டியில் அமுக்கி அடுக்குவீர்களே, அந்த மாதிரி. கசங்கும், ஆனால் சட்டை சட்டைதான். இதுவும் அப்படிக் கொஞ்சம் கசங்கியது. நிறையப் பேசினால் பழையதை மறந்துவிடும். இல்லாததை இருப்பதாக அடித்துச் சொல்லும். சில நேரம் யார் யார் என்று குழம்பி, எதிரில் இருக்கிறவர் பேச வேண்டியதையும் தானே பேசிவிடும். என் கடையில் சோதித்தபோது நான் ஒரு கேள்விதான் கேட்டேன், அது பதில் சொல்லி, என் பெயரைப் போட்டு நான் நன்றி சொன்னதாகவும் எழுதி, எனக்கு விடையும் கொடுத்து அனுப்பிவிட்டது.

பவ்யா பேச்சுப் பழகத்தான் அதை வைத்திருக்கிறாள். வேறு ஒண்ணுமில்லக்கா.

இந்த வார்த்தையை எழுதிய பிறகுதான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. அடித்துவிட்டால் இன்னும் சந்தேகப்படுவாய் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

தம்பி
வரதன்

ஆவடி
5.11.2025

வரதனுக்கு,

கசங்கின சட்டையை நான் ரிஜக்ட் பண்ணித் திருப்பி அனுப்புவேன், அது உனக்குத் தெரியும்.

பேச்சுப் பழகுகிறாள் என்றாய். யாரோடு என்று எழுதவில்லை. நான் கேட்டதே அதுதானே. முழுப் பக்கத்துக்கு மெஷினைப் பற்றி எழுதிவிட்டு, கேட்ட கேள்வியை மட்டும் தாண்டிக் குதித்திருக்கிறாய். அசோக்கும் இப்படித்தான். எங்கே போனீர்கள் என்றால் பூந்தமல்லி டிராபிக்கைப் பற்றி அரை மணி நேரம் சொல்லுவார்.

நானே பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போனபோது திரையை அணைக்க மறந்துவிட்டாள். அது ஆண்பிள்ளை இல்லை, ஒரு பொம்பளை. ஒவ்வொரு பேச்சுக்கும் மேலே பெயர் போட்டிருக்கிறது. என்ன பெயர் தெரியுமா?

அம்மா.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் படித்தேன். அந்தப் பொம்பளை பேசுகிற தோரணையைப் பார். "எட்டு மணிக்கு வரேன்னியே, இப்ப மணி இன்னா? யார் கூட வந்தே? போனை ஏன் கவுத்து வெச்சிருக்கே?" என் பெண்ணைக் கேட்க இவள் யார்? நான் கேட்க வேண்டியதை எல்லாம் அவள் கேட்கிறாள். பவ்யா பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறாள். அதற்கும் நம்பவில்லை, திரும்பத் திரும்ப அதையே நோண்டுகிறாள். பவ்யா ஏதோ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் "பாக்கலாம்" என்று இழுக்கிறாள். பிடி கொடுத்தே பேசத் தெரியாத ஜென்மம்போல. இப்படி ஒரு நச்சுப் பிடித்த பொம்பளையிடம் என் பெண்ணுக்கு என்ன ஒட்டுதல் என்று எனக்குப் புரியவில்லை.

யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது வரதா. அம்மா என்று என் பெண் கூப்பிடக்கூடிய இன்னொருத்தி இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான், காட்டுப்பாக்கத்துக்காரி. அவள் பெயரை இந்தப் பேப்பரில் எழுத மாட்டேன். கல்யாணம் நெருங்குகிறது என்று தெரிந்து, அவளும் அசோக்கும் சேர்ந்து என் பெண்ணை வளைக்கிறார்கள். அதற்கு நீ பெட்டி செய்து கொடுத்திருக்கிறாய். மெஷின், மாடல் என்று எனக்குக் கதை.

அவர் போனபோது பீரோவில் பாதியை எடுத்துக்கொண்டு போனார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மிச்சம் இருந்தது பவ்யா மட்டும்தான். அவளையும் அந்தப் பொம்பளைக்கு "அம்மா" என்று எழுதிக் கொடுத்துவிட்டாயே. உனக்கு எப்படி மனசு வந்தது?

கல்யாணத்தில் தாய்மாமன் சீர் உன் கையால் வேண்டாம். நீயும் சித்ராவும் தாரை வார்த்துக் கொடுப்பதாகப் பேசியிருந்தோம், அதுவும் வேண்டாம். மண்டபத்துக்கே வர வேண்டாம்.

தாட்சாயிணி

அம்பத்தூர்
8.11.2025

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படிக்காதே.

அந்தப் பொம்பளை நீதான்.

சொல்ல மாட்டேன் என்று பவ்யாவுக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன். உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன், இனி சொல்லாமல் இருந்தால் அது சத்தியத்தைவிடப் பெரிய பாவம். காட்டுப்பாக்கத்துக்காரிக்கு இந்தப் பெட்டி இருப்பதே தெரியாது. பவ்யா அவளோடு இதுவரை பேசியதும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஆயுதபூஜைக்கு முன்னால் பவ்யா ஆபீஸிலிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். "மாமா, அம்மாகிட்ட ஒரு விசயம் கேக்கணும். கேக்கறதுக்கு வாய் வரமாட்டேங்குது. நீ அன்னிக்கு இன்னாமோ மாடல்னு காட்டுனியே, அதை எங்கம்மாவா மாத்த முடியுமா? ஒத்திகை பார்த்துக்கறேன்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நேர்முகத் தேர்வுக்குப் போகிற பையன்கள் இப்படிப் பழகுகிறார்கள், மேனேஜராக இரு என்று அதனிடம் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க வைக்கிறார்கள். அந்த மாதிரிதானே என்று நானும் செய்து கொடுத்தேன். முதல் நாள் அது என்ன சொன்னது தெரியுமா? "மகளே, உன் உணர்வுகளை நான் மதிக்கிறேன்." பவ்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கம்மா வாயில் ஏழு ஜென்மத்துக்கும் இது வராது மாமா என்றாள். அப்புறம் நீ பேசுகிற மாதிரிப் பேச்சுகளை நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தோம். போனைக் கவிழ்த்து வைப்பது, மணி என்ன என்பது, எல்லாம் அப்படி வந்ததுதான். பிறகும் ஒரு தொல்லை. இந்த மாடல்களுக்கு மனிதர்களை மறுத்துப் பேசவே வராது. மூன்று தடவை கேட்டால் போதும், சரிடா கண்ணு, உன் இஷ்டம் என்று இறங்கிவிடும். பெண்ணிடம் அவ்வளவு சுலபமாக இறங்கி வரும் ஒரு தாட்சாயிணியை நீ பார்த்திருக்கிறாயா? அதற்காக இன்னும் சில வரிகள் சேர்த்தோம்.

அந்த வரிகளை நீ படிக்க வேண்டாம். திரையில் "அம்மா" என்ற பெயரைத் தொட்டால் அந்த விவரம் திறக்கும், தயவுசெய்து தொடாதே.

அவள் என்ன கேட்கப்போகிறாள் என்பதை நான் சொல்ல மாட்டேன். அது உனக்கும் அவளுக்கும்.

சீர் செய்கிறேனோ இல்லையோ, நீ அவளைப் பற்றி நினைத்தது தப்பு. கல்யாணத்துக்கு வராதே என்றது எனக்கு வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இது பேப்பர், இதில் சிரித்து மழுப்ப முடியாதே.

வரதன்

ஆவடி
14.11.2025

வரதனுக்கு,

தொட்டேன். தொடாதே என்று எழுதினால் நான் தொடுவேன் என்று தெரிந்துதானே எழுதினாய்.

"பெயர் தாட்சாயிணி. அம்மா. ஆவடி குவார்ட்டர்ஸ். பாசம் உண்டு, காட்ட மாட்டாள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் எதிர்க் கேள்வி கேட்பாள். யாரையும் நம்ப மாட்டாள். நம்பி ஒரு தடவை ஏமாந்தவள்." இதுவரைக்கும் பவ்யா எழுதியது, அவள் எழுதுகிற விதம் எனக்குத் தெரியும். அதற்குக் கீழே இருப்பது உன்னுடையது. "இவள் இல்லை, முடியாது என்றெல்லாம் சொல்ல மாட்டாள். ‘பாக்கலாம்’ என்பாள். ‘பாக்கலாம்’ என்றால் முடியாது என்று அர்த்தம். மகள் எத்தனை தடவை கேட்டாலும் இதை மாற்றாதே."

நான் அப்படியா? சொல். பள்ளிக்கூடத்தில் ஊட்டி டூர் போகிறேன் என்று அவள் கேட்டபோது பாக்கலாம் என்றேன், அனுப்பவில்லை. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன் என்றாள், பாக்கலாம் என்றேன். வீட்டிலிருந்தே ரயிலில் போய்ப் படித்தாள். தலைமுடி வெட்டிக்கொள்கிறேன் என்றதற்கும் அதுதான். உட்கார்ந்து யோசித்தால் வேறு மாதிரி ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. கோபமாக உனக்குத் திட்டி எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத எழுதக் கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. நச்சுப் பிடித்த பொம்பளை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு.

ஆனால் அதற்கப்புறம் ஒன்று நடந்தது. அதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும், மறைக்காமல் பதில் எழுது.

பேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு அந்தப் பெட்டியின் முன்னால் நானே உட்கார்ந்தேன். பவ்யா ஆபீஸ் போயிருந்தாள். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, பவ்யா மாதிரி அடித்தேன். "அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." உடனே பதில் வருகிறது: "கேளு. கேக்கறதுக்கு முன்னாடி போனை நிமுத்தி வை." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்படக் கூடாது என்று அடித்தேன். "கோபமா இல்லியான்னு நீ கேட்டப்புறம் பாக்கலாம்" என்றது. என்னிடம் பேச வந்தால் எதிரில் இருப்பவருக்கு இப்படித்தான் இருக்குமா? அடுத்து என்ன கேட்பது என்று புரியாமல், நீயே சொல் என்று அடித்துவிட்டேன்.

அப்போது அது குழம்பிவிட்டது. நீ எழுதியிருந்தாயே, எதிரில் இருப்பவர் பேச்சையும் தானே பேசிவிடும் என்று. பவ்யா பெயரைப் போட்டு அதுவே எழுத ஆரம்பித்தது. "அம்மா, அப்பாவுக்கு ஒரு பத்திரிகை வைக்கட்டுமா? நீ அவர்கிட்ட பேச வேணாம். மூஞ்சியக்கூட பாக்க வேணாம். கடைசி வரிசையில உக்காந்து சாப்ட்டுட்டு போயிடுவாரு." அதற்குக் கீழே அம்மா என்று போட்டு, "பாக்கலாம்." மறுபடி பவ்யா, "அம்மா, ப்ளீஸ்மா." மறுபடி நான், "பாக்கலாம்னு சொன்னேன்ல." நான் ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. நானும் என் பெண்ணும் எங்கள் பாட்டுக்குத் திரையில் பேசிக்கொண்டிருந்தோம். நான் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டேன்.

இப்போது சொல். இது பவ்யா கேட்க நினைத்ததா, இல்லை பெட்டி கட்டிய கதையா? இல்லாததை இருப்பதாகச் சொல்லும் என்று நீதான் எழுதினாய். அந்த ஆள் இந்த வீட்டை விட்டுப் போனபோது அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அப்பா என்ற வார்த்தையை அவள் என் காதில் போட்டதில்லை. அவளுக்கும் அவர் வேண்டாம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய்யா?

அவர் சொல்லிக் கொடுத்து அவள் இதைக் கேட்கிறாளா என்றும் சந்தேகமாக இருக்கிறது. சீக்கிரம் எழுது.

தாட்சாயிணி

அம்பத்தூர்
19.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மழையில் கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டது, அதனால் இரண்டு நாள் தாமதம். வேண்டுமென்றே தாமதித்தேன் என்று நினைக்காதே.

அந்தப் பெட்டி பழைய பேச்சையும் சேர்த்துக்கொள்ளும், புதிதாகவும் கட்டும். எது எது என்று எனக்கே பிரிக்கத் தெரியாது. அதனால் அது சொன்னது உண்மையா என்று என்னைக் கேட்காதே, பவ்யாவைக் கேள். அவள் ஒரு மாதத்துக்கு மேலாக இதற்காகத்தான் அந்தப் பெட்டியின் சூட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

அசோக் சொல்லிக் கொடுத்தாரா என்ற சந்தேகத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இல்லை. கல்யாணம் நிச்சயமானதே அவருக்குத் தெரியுமா என்று பவ்யாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒன்று சொல்லாமல் விட்டிருந்தேன். அந்த "பாக்கலாம்" வரியை நான் சேர்த்தது பவ்யா சொல்லித்தான். அதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் அது மூன்றாவது தடவையில் ஒத்துக்கொண்டுவிடும். அவளும் ஒவ்வொரு நாளும் அதை அழித்துவிட்டு எனக்கு போன் பண்ணுவாள், "மாமா, அம்மா இப்படி ஒத்துக்க மாட்டாங்க, இது வேணாம், சரியா பண்ணிக் குடு" என்பாள். நான் ஒரு சாயங்காலம் வந்து அந்த வரியைச் சேர்த்தேன். நீ அப்போது ரேஷன் கடைக்குப் போயிருந்தாய். அவள் கேட்டாள், அது பாக்கலாம் என்றது. வேறு வேறு மாதிரி கேட்டாள், கெஞ்சினாள், சண்டை போட்டாள், அது அசையவில்லை. கடைசியில் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இப்ப சரியா கீது மாமா" என்றாள். ‘கீது’ என்று அவள் என்னை மாதிரிப் பேசுவது கிண்டல் பண்ணும்போதுதான். அன்றைக்குக் கிண்டல் பண்ணுவதாக நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

எனக்கு அந்த வரியை எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நீ அவரைக் கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உனக்கு அவர் செய்தது எனக்குத் தெரியும். முடியாது என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் சொல்வதை அவளிடம் நீ சொல். பெட்டி சொல்லி அவள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

தம்பி
வரதன்

ஆவடி
26.11.2025

வரதனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மறுநாள் முழுக்கச் சும்மா இருந்தேன். நீ அவளிடம் போன் பண்ணிச் சொல்லியிருப்பாய், அவளே வந்து கேட்பாள் என்று வேவு பார்த்தேன். கேட்கவில்லை. நீ சொல்லவில்லை என்று தெரிந்தது. பரவாயில்லை, ஒரு தடவையாவது வாயை அடக்கியிருக்கிறாய்.

அதற்கடுத்த நாள் அவள் மழையில் நனைந்து வந்தாள். துண்டைக் கொடுத்து, தோசை ஊற்றி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "பவி, எங்கிட்ட ஏதாவது கேக்கணும்னு இருக்கியா?" என்றேன். இல்லியே என்றாள். தோசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கேளுடி."

"யார் சொன்னா, மாமாவா?"

"நான்தான் சொன்னேன்."

அவள் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. தோசை ஓரத்தைப் பிய்த்தாள். பிறகு கேட்டாள். கடைசி வரிசை, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார், அந்தச் சமாதானம் எல்லாம் அவள் சொல்லவே இல்லை. "அப்பாவுக்குப் பத்திரிகை வைக்கட்டுமாம்மா?" அவ்வளவுதான். ஒரு மாதம் பழகியதெல்லாம் எங்கே போனதோ.

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய்? அத்தனையும் தெரிந்து வைத்துக்கொண்டு, இரண்டு நாள் யோசித்துவிட்டு, என் வாயில் வந்தது "பாக்கலாம்."

அவள் "சரிம்மா" என்றாள். கோபமே இல்லாமல். பாதித் தோசையோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உன் பெட்டி அவள் என்ன கேட்பாள் என்று சொன்னது, நான் என்ன சொல்வேன் என்று சொன்னது. அதற்கப்புறம் அவள் எப்படி எழுந்து போவாள் என்று அது சொல்லவே இல்லை. ஊட்டி டூருக்கும் ஹாஸ்டலுக்கும் இப்படித்தான் எழுந்து போயிருப்பாள். நான் அப்போதெல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

"உக்காருடி" என்றேன். "வரட்டும். பாக்கலாம்."

அவள் உட்காரவில்லை. என்னையே உற்றுப் பார்க்கிறாள், தையலைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி. என் பெண்தானே. "இது எந்தப் பாக்கலாம்மா?" என்றாள்.

"கண்ணால பாக்குற பாக்கலாம்டி. எத்தினி வருசமாச்சு, எப்படி கீறாருன்னு நானும் பாக்கணும்ல."

தட்டைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். ஈரத்தலை, என் புடவை எல்லாம் நனைந்துவிட்டது. நானும் அழுதேன், அதை உனக்குச் சொல்வதில் என்ன வெட்கம்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது என்னால் ஆகாது. நான் பேச மாட்டேன். அவர் தனியாக வர வேண்டும். காட்டுப்பாக்கத்துக்கு பவ்யாவைத் தனியே அனுப்ப மாட்டேன், நீ கூடப் போ, வாசலிலேயே பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், உள்ளே காப்பி குடிக்கக் கூடாது. கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று அவர் யாரோடு வருகிறார் என்று பார். சட்டைப் பொத்தானை நான் பார்த்துக்கொள்கிறேன். தாரை வார்ப்பது நீயும் சித்ராவும்தான், அதில் மாற்றமில்லை. போன கடிதத்துக்கு முன் கடிதத்தில் நான் எழுதியதைச் சித்ராவிடம் காட்டியிருந்தால் அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். காட்டாமல் இருந்தால் ஒன்றும் சொல்லாதே.

பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறாயா என்று பவ்யாவைக் கேட்டேன். இருக்கட்டும், கல்யாணத்துக்கப்புறம் உனக்குப் பேச்சுத் துணை என்று கிண்டல் பண்ணுகிறாள். எனக்கு அந்தப் பொம்பளையைப் பிடிக்கவில்லை என்றேன்.

ஆனால் இன்று அவள் ஆபீஸ் போனதும் அதைத் திறந்து, அந்தப் பெயரைத் தொட்டேன். உன் வரியை அழிக்கலாம் என்றுதான் போனேன். அழித்தால் அது நானாக இருக்காது. அதனால் ஒற்றை விரலால் தேடித் தேடி நடுவில் ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறேன். கோளாறு ஏதும் வருமா என்று நீ ஒரு தடவை வந்து பார்த்துவிடு.

‘பாக்கலாம்’ என்றால் பெரும்பாலும் முடியாது என்று அர்த்தம்.

அக்கா
தாட்சாயிணி